வீட்டோரக் கூடுகளும் குஞ்சுப் படங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பால்கனிக் கொடிக்கயிற்றில் தேன்சிட்டு, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சிட்டுக்குருவி, ஏ.சி. வெளிப்பெட்டிக்கு அடியில் புறா, போர்டிகோ கொடியில் சின்னான் (கொண்டைக்குருவி). தமிழ்நாட்டில் வீட்டோடு ஒட்டிக் கூடு கட்டும் பறவைகளின் குஞ்சுகளைப் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

வீட்டு வாசல்ல குருவி கூடு கட்டியிருக்கு. முதல்ல நான் என்ன செய்யணும்?

இரண்டு நாள் கேமராவை எடுக்காமல் சும்மா பாருங்கள். அறைக்குள் இருந்தபடி தினம் அரை மணி நேரம் போதும். பெரியவை எந்தப் பக்கமிருந்து வருகின்றன, கூட்டுக்குள் நுழைவதற்கு முன் எங்கே உட்காருகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். கேபிள் ஒயர், கிரில் கம்பி, செம்பருத்திக் கிளை நுனி என்று பெரும்பாலான ஜோடிகளுக்கு ஒரு வாடிக்கை இடம் இருக்கும். அங்கே உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகும். அலகு நிறையப் புழுவோடு அந்தக் கம்பியில் நிற்கும் மூன்று நான்கு விநாடிதான் உங்களுக்குக் கிடைக்கப்போகும் மிக நல்ல படம். அதற்குக் கூட்டின் பக்கம் கேமராவை நீட்டவே தேவையில்லை.

கூடு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அலகைப் பார்த்தே சொல்லிவிடலாம். வைக்கோல், நார், பஞ்சு கொண்டுபோனால் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் அலகோடு போய் நெடுநேரம் வெளியே வராவிட்டால் அடைகாக்கிறது. பச்சைப் புழு, வெட்டுக்கிளி என்றால் குஞ்சு பொரித்தாகிவிட்டது. புறாக்கள் மட்டும் இதற்கு விலக்கு. அவை தொண்டைப் பையில் சுரக்கும் பாலை ஊட்டுவதால் அலகில் எதுவும் தெரியாது.

கட்டும்போதும் அடைகாக்கும்போதும் பக்கத்தில் போகவே வேண்டாம். பாதி கட்டிய கூட்டருகே ஆள் நடமாட்டம் பிடிக்கவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடும். அடையில் இருக்கும் புறாவைத் திடீரென்று எழுப்பினால் வேறு ஆபத்து: நாலு குச்சி போட்ட கூட்டிலிருந்து அது எழும் வேகத்தில் முட்டை உருண்டு விழும்.

குஞ்சு பொரிச்ச எத்தனாவது நாள் படம் எடுக்கலாம்?

இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்ற தவறுகளில் பாதி நடக்காது. வீட்டோரம் கூடு கட்டும் பறவைகளில் பெரும்பாலானவற்றின் குஞ்சு ரோமம் இல்லாமல், கண் திறக்காமல் பிறக்கிறது. முதல் சில நாள் தன் உடம்புச் சூட்டை அதனால் காத்துக்கொள்ள முடியாது. தாய் மேலே உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த நாட்களில் தாயை எழுப்பினால் குஞ்சு குளிரிலோ வெயிலிலோ அடிபடும். கடைசி நாட்களில் சிக்கல் வேறு மாதிரி. இறகு முக்கால்வாசி வளர்ந்த குஞ்சு பயந்தால் கூட்டைவிட்டுக் குதித்துவிடும். பறக்கத் தெரியாது, திரும்ப ஏறவும் தெரியாது. கீழே பூனை இருக்கும். எடுத்து உள்ளே வைத்தாலும் மறுபடி குதிக்கும். ஆகவே முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள நாட்களில் மட்டும் எடுங்கள்.

சிட்டுக்குருவிக் குஞ்சு கூட்டில் இருப்பது 14 முதல் 16 நாள். 6 முதல் 11ஆம் நாள் வரை எடுக்கலாம். சின்னான் குஞ்சு 12 நாளையொட்டி வெளியேறிவிடும் என்பதால் 5 முதல் 8 வரைதான். தேன்சிட்டுக்கு இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். 7 முதல் 12 வரை சரி. மைனா மூன்று வாரத்துக்கு மேல் இருக்கும், 8 முதல் 17 வரை எடுங்கள். மாடப்புறாக் குஞ்சு ஒரு மாதம் கூட்டிலேயே கிடக்கும். 10ஆம் நாளிலிருந்து 22ஆம் நாள் வரை நிதானமாக எடுக்கலாம். புதிதாகப் பழகுகிறவர்கள் புறாவில் தொடங்குவது நல்லது. மனிதர்களோடு பழகிய பறவை, நாட்களும் அதிகம், மஞ்சள் தூவியோடு பெரிய அலகு வைத்த அந்தக் குஞ்சின் முகம் வேறு எதற்கும் வராது.

என்னைக்குப் பொரிச்சதுன்னே தெரியலையே. எட்டிப் பார்க்காம வயசு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பெரியவை உள்ளே தங்கும் நேரத்தைப் பாருங்கள். இரை கொண்டுபோன பறவை பத்து நிமிடம் வெளியே வரவில்லை என்றால் குஞ்சு சின்னது, மேலே உட்கார்ந்து சூடு கொடுக்கிறது. போன வேகத்தில் திரும்பினால் குஞ்சு வளர்ந்துவிட்டது. சத்தமும் கூடிக்கொண்டே போகும். முதலில் காதைத் தீட்டினால்தான் கேட்கும். பிறகு வீட்டுக்குள் இருந்தே கேட்கும்.

இன்னொரு அடையாளம் எச்சம். சிட்டுக்குருவி, சின்னான், தேன்சிட்டுக் குஞ்சுகளின் எச்சம் மெல்லிய வெள்ளைப் பையில் பொதிந்து வரும். சின்ன வயதில் அதைப் பெரியவை விழுங்கிவிடும். குஞ்சு வளர்ந்தபின் அலகில் கவ்விக்கொண்டுபோய்த் தள்ளிப் போடும். வெள்ளை உருண்டையோடு பறவை வெளியே வர ஆரம்பித்தால் நீங்களும் தயாராகலாம். தேன்சிட்டுக் கூட்டில் இதைப் பார்ப்பது ஒரு தனிக் காட்சி. இரை வாங்கிய குஞ்சு உள்ளுக்குள் அப்படியே திரும்பி, வாசலுக்கு வெளியே பின்பக்கத்தை நீட்டும். தாய் வெளியே தொங்கியபடியே காத்திருந்து அந்த வெள்ளைப் பையை அலகால் வாங்கிக்கொண்டு பறக்கும்.

வெளியிலிருந்தே குஞ்சு தெரிகிற கூடு என்றால் இறகைப் பாருங்கள். தோலில் நீலச் சாம்பல் ஊசிகள் நட்டதுபோல் இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுக்கலாம். ஊசிகளின் நுனி பெயின்ட் பிரஷ் மாதிரி விரிந்திருந்தால் அதுதான் தக்க சமயம். உடம்பு முழுக்க மூடி, வால் மட்டும் கட்டையாக இருந்தால் கேமராவை மூடி வையுங்கள்.

எவ்வளவு தூரத்துல நிக்கணும்? மூணு மீட்டர் போதுமா?

எத்தனை மீட்டர் என்பதைப் பறவைதான் சொல்ல வேண்டும். தினம் ஆள் நடக்கும் படிக்கட்டில் கட்டிய புறாவுக்கு இரண்டு மீட்டர் கூடப் பரவாயில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கட்டிய வாலாட்டிக்குப் பத்து மீட்டரே நெருக்கம். முதல் நாள் பத்து மீட்டரில் தொடங்குங்கள். இரண்டு முறை வழக்கம்போல் இரை கொடுத்துவிட்டுப் போனால் மறுநாள் இரண்டு மீட்டர் முன்னே வரலாம். ஒரே நாளில் இரண்டு தடவை முன்னேறாதீர்கள்.

உட்கார்ந்து எடுங்கள், நிற்கும் ஆளைவிட உட்கார்ந்த ஆள் குறைவாகப் பயமுறுத்துவார். பால்கனியில் கொடிக்கயிறு இருந்தால் பழைய அடர்நிறப் புடவையைத் தொங்கவிட்டு, லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, பின்னால் உட்காருவது எல்லாவற்றையும்விட நல்ல மறைப்பு. காற்றில் படபடக்காமல் கீழ் விளிம்பில் நாலு துணிக் கிளிப் மாட்டுங்கள். கட்டிய அன்றே உட்காராமல் ஒரு நாள் புடவை மட்டும் தொங்கட்டும்.

அதுக்குத் தொந்தரவா இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

அலகில் இரை இருந்தும் உள்ளே போகாமல் ஒயருக்கும் சுவருக்கும் மாறி மாறிப் பறந்தால் உங்களைத்தான் பார்க்கிறது. வாலை வெட்டி வெட்டி ஆட்டுவது, ஒரே சத்தத்தை விடாமல் கத்துவது, அலகைக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருப்பது எல்லாம் அதே செய்தி. கொண்டுவந்த புழுவைத் தானே விழுங்கிவிட்டால் பொறுமை போய்விட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிடம் இப்படி நடந்தால் எழுந்து, கூட்டைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இதில் பலர் ஏமாறுவது தாய் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது. “பயப்படவே இல்லை, ஒரு அடியில் எடுத்தேன்” என்பார்கள். அடையில் இருக்கும் புறாவோ சின்னானோ கூட்டோடு ஒட்டிப் படுத்து, கழுத்தைச் சுருக்கி, கண்ணை இமைக்காமல் இருந்தால் அது பயத்தின் உச்சம். அடுத்த அசைவில் எழுந்து ஓடும்.

என்கிட்ட 70–300 லென்ஸ்தான் இருக்கு. பெரிய லென்ஸ் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். சின்ன சென்சார் கொண்ட சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவில் 300 மி.மீ. வைத்து ஐந்து மீட்டரில் நின்றால் படத்தின் அகலம் 39 சென்டிமீட்டர். சின்னான் 20 செ.மீ. நீளம். கூடும் குஞ்சும் பெரியதும் சேர்ந்து சட்டத்துக்குள் சரியாக அடங்கும். மூன்று மீட்டருக்குப் போனால் அகலம் 23 செ.மீ. ஆகிவிடும், இரை கொடுக்க வரும் பறவையின் வால் வெட்டுப்படும். கிட்டே போனால் பறவைக்கும் கெடுதல், படத்துக்கும் கெடுதல்.

24 மெகாபிக்சல் கேமராவில் பக்கவாட்டில் பாதியை வெட்டி எறிந்தாலும் 3,000 பிக்சல் மிஞ்சும். ஏ4 தாளில் தெளிவாக அச்சடிக்க அது போதும்.

செட்டிங்ஸ் சொல்லுங்க. குஞ்சு வாய் மட்டும் ஆடிப் போகுது.

தாய் வந்ததும் குஞ்சுகள் கழுத்தை நீட்டி நடுங்கிக்கொண்டு வாயைத் திறக்கும். அதற்கு ஷட்டர் வேகம் விநாடியில் 500இல் ஒரு பங்காவது (1/500) வேண்டும். பறவை வந்து இறங்குவதை எடுக்க 1/1000 வையுங்கள். ஐந்து மீட்டரில் 300 மி.மீ. லென்ஸில் எஃப் எண்ணை (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 5.6இல் வைத்தால் ஆறு சென்டிமீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும். எஃப் 8 வைத்தால் ஒன்பது. முன்னால் ஒரு குஞ்சு, பின்னால் ஒரு குஞ்சு என்றால் எஃப் 8 தேவை. இவ்வளவும் சன்ஷேடுக்கு அடியில் கிடைக்க ஐ.எஸ்.ஓ. (கேமரா ஒளியை உணரும் அளவு) 1600 முதல் 3200 வரை ஆகும். புள்ளி விழுவதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஆடிப்போன படத்தைச் சரிசெய்ய முடியாது, புள்ளியைக் குறைக்க முடியும்.

ஃபோகஸைக் கூட்டின் விளிம்பில் வைத்துவிட்டு மேனுவலுக்கு மாற்றுங்கள். பீப் சத்தம், ஃபோகஸுக்காக எரியும் சின்ன விளக்கு இரண்டையும் அணையுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் வெளிச்சமான இடத்தில் அதுவே நல்லது. படிக்கட்டு டியூப்லைட், மலிவான எல்.இ.டி. விளக்குக்குக் கீழே மட்டும் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை மினுக்கும். அங்கே சாதாரண ஷட்டருக்கு மாறி 1/100இல், குஞ்சுகள் அசையாமல் இருக்கும்போது எடுங்கள்.

போன்லயே எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் கூட்டுக்குக் கிட்டே நீட்டி எடுக்காதீர்கள். மூன்று மடங்கு ஜூம் உள்ள போனில்கூட ஐந்து மீட்டரில் படத்தின் அகலம் இரண்டரை மீட்டர் வரும். கூடு ஒரு பொட்டு மாதிரித்தான் தெரியும். 8×42 பைனாகுலர் இருந்தால் அதை ஸ்டாண்டில் நிறுத்தி, கண் வைக்கும் பக்கத்தில் போனின் முதன்மைக் கேமராவை ஒட்டிப் பிடியுங்கள். சுற்றிலும் கருப்பு வட்டம் விழுந்தால் இரண்டு மடங்கு ஜூம் செய்தால் மறைந்துவிடும். போனின் பலம் வீடியோ. அடுத்த கேள்வியில் வரும் ஜன்னல் முறைக்குப் போன் மிகவும் தோதானது.

ஜன்னல் கண்ணாடி வழியா எடுத்தா மங்கலா வருது. என் மூஞ்சிதான் தெரியுது.

அறை விளக்கை அணைத்து, உங்களுக்குப் பின்னால் உள்ள திரையையும் இழுத்து மூடுங்கள். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்பக்கம் ரப்பர் ஹூட் மாட்டிக் கண்ணாடியில் ஒட்ட வைத்துவிட்டால் பிரதிபலிப்புக்கு இடமே இல்லை. ஹூட் இல்லாவிட்டால் கறுப்புத் துண்டைச் சுற்றி வையுங்கள். சாய்வாக எடுத்தால் கண்ணாடி படத்தை இழுத்துக் கெடுக்கும், நேராகவே எடுங்கள். கண்ணாடியின் உள்பக்கத்தை மட்டும் துடையுங்கள். வெளிப்பக்கத் தூசி அடுத்த மாதம் வரை இருக்கட்டும்.

கொசுவலை அடித்த ஜன்னலா? லென்ஸை வலையில் கிட்டத்தட்ட ஒட்டி, எஃப் 5.6 அல்லது அதற்கும் திறந்து வைத்தால் வலை படத்தில் தெரியாது, லேசாக வெளிறும். ஆட்டோ ஃபோகஸ் வலையையே பிடிக்கும் என்பதால் மேனுவல்தான் கைகொடுக்கும்.

ஃபிளாஷ் போட்டா குஞ்சுக்குக் கண்ணு போயிடுமா?

கண் போகிறதா இல்லையா என்பதற்கு முன், ஃபிளாஷ் அடித்ததும் பெரியது என்ன செய்கிறது என்று பார்த்தாலே போதும். இரையைக் கீழே போட்டுவிட்டுப் பறக்கும். மாலைக்கு மேல் இருட்டுக்குப் பழகிய ஆந்தையின் கண்ணில் அடித்தால் சற்று நேரம் அதற்கு ஒன்றும் தெரியாது. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். போனின் டார்ச்சும் அப்படித்தான்.

வெளிச்சம் வேண்டுமானால் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் விழும் நேரம் தினம் ஒன்று இருக்கும். அந்த அரை மணி நேரம் உங்கள் சன்ஷேடுக்கு அடியிலும் மென்மையான ஒளி பரவும். விடிந்ததும் வரும் முதல் ஒரு மணி நேரத்தை மட்டும் பறவைகளுக்கு விட்டுவிடுங்கள். இரவு முழுக்கப் பட்டினி கிடந்த குஞ்சுகளுக்கு அது காலைச் சாப்பாட்டு நேரம்.

கூட்டுக்கு முன்னாடி ரெண்டு இலை மறைக்குது. லேசா ஒதுக்கிக் கட்டிட்டு அப்புறம் அவுத்து விட்டுடலாமா?

கூடாது. இலையைக் கிள்ளவும் கூடாது, கட்டவும் கூடாது. சின்னான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்த இரண்டு இலைக்காகத்தான். மேலிருந்து வரும் வெயிலும் காகத்தின் கண்ணும் அதில் தடுக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசி வெயிலில் நிழல் விலகினால் இறகு முளைக்காத குஞ்சு வெகு சீக்கிரத்தில் சுருண்டுவிடும். காகம் அதைவிட வேகம். மனிதர் ஒரே செடியைத் திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, அவர் உள்ளே போனதும் அங்கே வந்து உட்காரும். காகம் எதிரில் இருக்கும்போது கூட்டின் பக்கம் முகத்தைக்கூடத் திருப்பாதீர்கள்.

இலை மறைத்த படம் மோசமான படமும் இல்லை. இலைகளுக்கு நடுவே திறந்த சிவந்த வாயும் மஞ்சள் ஓரமும் மட்டும் தெரிவதில் கூடு எப்படி மறைந்திருக்கிறது என்பதும் சேர்ந்து வருகிறது.

தாய் சிறகை விரிச்சு, வாயைத் திறந்துக்கிட்டு கூட்டு மேல நிக்குது. நல்ல போஸ். கிட்டப் போகலாமா?

அது போஸ் இல்லை. குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கிறது, தானும் மூச்சுவாங்கி உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. அந்த நேரத்தில் அதை விரட்டினால் குஞ்சுகள் நேர் வெயிலில் கிடக்கும். இருக்கும் இடத்திலிருந்தே நாலு படம் எடுத்துவிட்டு நகருங்கள். கோடையில் காலை பத்து மணிக்குமேல் நான்கு மணி வரை கூட்டுப் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

கேமராவைக் கூட்டுக்கிட்ட வெச்சுட்டு, நான் உள்ள இருந்து ரிமோட்ல எடுத்தா?

நல்ல முறை, சரியாகச் செய்தால். முதல் நாள் கேமரா அளவுள்ள அட்டைப்பெட்டியை ஸ்டாண்டில் வைத்து, நான்கு மீட்டருக்கு அப்பால் நிறுத்துங்கள். பறவை பொருட்படுத்தவில்லை என்றால் மறுநாள் இரண்டரை மீட்டர். மூன்றாம் நாள் பெட்டிக்குப் பதில் கேமரா. பெரியவை இரை தேடப் போன இடைவெளியில், ஒரு நிமிடத்துக்குள் வைத்துவிட்டு வர வேண்டும். ஃபோகஸ், பேட்டரி, மெமரி கார்டு எல்லாம் அறையிலேயே பார்த்து முடித்திருங்கள். இதில் வழக்கமாகக் கெடுவது ஒன்றுதான்: வைத்துவிட்டு வந்தபின் வைஃபை இணைப்பு துண்டிக்கும், சரிசெய்ய மறுபடி மறுபடி போவார்கள். போனின் ஸ்லீப் நேரத்தை நீக்கிவிட்டு, சுவருக்கு இப்பால் இருந்து அரை மணி நேரம் சோதித்துப் பாருங்கள்.

வைத்த இருபது நிமிடத்தில் பறவை இரையோடு உள்ளே போகவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அமைதியாக ஏற்றுக்கொண்ட கூட்டிலும் ஒரு நாளைக்கு அரை மணி, ஒரு கூட்டுக்கு மொத்தம் நான்கு நாள் என்று நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம்.

மனுஷன் தொட்டா தாய் சேர்க்காதாமே? குஞ்சு கீழ விழுந்துடுச்சு, என்ன பண்றது?

தொட்டால் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. மனித வாசனைக்காக இந்தப் பறவைகள் குஞ்சைக் கைவிடுவதில்லை. அவற்றைத் துரத்துவது கூட்டருகே நடமாட்டம். அதனால் இறகில்லாத குஞ்சு விழுந்திருந்தால் தயங்காமல் எடுத்து, உள்ளங்கையில் சற்றுச் சூடேற்றிக் கூட்டில் வைத்துவிட்டு நகருங்கள். கூடே பிய்ந்து விழுந்திருந்தால் பெரிய கொட்டாங்கச்சி ஒன்றைப் பழைய இடத்துக்கு மிக அருகில், நிழலில் கட்டுங்கள். கண் இருக்கும் பாதியாக எடுத்துக் கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் மழைநீர் வடியும். பழைய கூட்டின் நாரையே உள்ளே போடுங்கள். மறைந்திருந்து ஒரு மணி நேரம் பாருங்கள். பெரும்பாலும் தாய் வந்து ஊட்டும்.

இறகு மூடி, வால் கட்டையாக, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு விழுந்ததல்ல, வெளியேறியது. பக்கத்துப் புதரில் ஏற்றிவிட்டுப் பூனையை மட்டும் அடைத்து வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பால், சாதம், பிரெட் எதுவும் வேண்டாம். காயம் இருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்கோ, சென்னை என்றால் புளூ கிராஸ் விலங்கு நல அமைப்புக்கோ தகவல் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கையில் வைத்துப் படம் எடுக்காதீர்கள். அது நடுங்கிக்கொண்டிருக்கிறது.

கோயில் கோபுரத்துல பாம்பு சீறுற மாதிரி சத்தம் வருது, ஆந்தைக் குஞ்சுன்னு சொல்றாங்க. எடுக்கலாமா?

கூகையாக இருக்கும். இதய வடிவ வெள்ளை முகம், குஞ்சுகள் சீறும். முட்டைகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் இடப்பட்டு, முதல் முட்டையிலிருந்தே அடை தொடங்குவதால் ஒரே கூட்டில் படிக்கட்டு மாதிரி சிறிதும் பெரிதுமாகக் குஞ்சுகள் இருக்கும். சுமார் இரண்டு மாதம் கூட்டில் இருப்பவை என்பதால் அவசரமே இல்லை. மேலே ஏறாதீர்கள். தரையில், இருபது மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்து, பொழுது சாயும் நேரத்தில் மாடத்தின் விளிம்புக்கு அவை வரும்போது எடுங்கள். வெளிச்சம் போனதும் எழுந்துவிடுங்கள்.

அதே மண்டபத்தில் இறகும் எச்சிலும் சேர்த்து ஒட்டிய உழவாரன் பறவையின் கூடுகள் இருந்தால் உள்ளே இருக்கும் குஞ்சை எடுக்க ஆசைப்படாதீர்கள். கூட்டைக் குலைக்காமல் அது முடியாது.

டவர்ல பருந்துக் கூடு. ட்ரோன் விட்டா?

வேண்டாம். பருந்து அதை எதிரியாக நினைத்துத் தாக்கும், அதன் இறக்கையை ட்ரோனின் சுழலி வெட்டும். தாய் ட்ரோனைத் துரத்தும் நேரத்தில் காகம் கூட்டுக்குள் இறங்கும்.

இதெல்லாம் சட்டப்படி குற்றமா?

படம் எடுப்பது குற்றமில்லை. ஆனால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(16)இல் ‘வேட்டை’ என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்குவது மட்டுமே வேட்டை என்று நினைத்துக்கொண்டு கூட்டைத் திருப்பி வைத்துப் படம் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த வீட்டுச் சுவர் என்பது இதில் சலுகை ஆகாது.

இன்ஸ்டாகிராம்ல போடலாமா?

குஞ்சுகள் பறந்துபோன பிறகு போடுங்கள். போடும் முன் படத்தில் பதிந்த ஜி.பி.எஸ். இடத்தை நீக்குங்கள், எடுப்பதற்கு முன்பே கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை அணைத்துவிட்டால் மறக்கிற பேச்சே இல்லை. தெருப் பெயர்ப் பலகையோ கோயில் பெயரோ பின்னால் தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆந்தை, கூகை என்றால் ஊர்ப் பெயரே வேண்டாம். தீபாவளியை ஒட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்கும் கொடுமை இந்தியாவில் இன்னும் நடக்கிறது.

போட்டிக்கு அனுப்புவதாக இருந்தால் விதிகளை முதலில் படியுங்கள். கூட்டுப் படங்களையே ஏற்காத போட்டிகள் உண்டு. முதல் பதிலில் சொன்ன, இரையோடு கம்பியில் நிற்கும் படத்துக்கு அந்தத் தடை பெரும்பாலும் வராது.

அப்பார்ட்மென்ட்ல அடுத்த வாரம் புறா வலை அடிக்க வர்றாங்க. குஞ்சு உள்ள இருக்கு.

உடனே அசோசியேஷனிடம் சொல்லுங்கள். வலை அடித்தால் தாய் வெளியேயும் குஞ்சு உள்ளேயும் மாட்டிக்கொள்ளும், பட்டினியில் சாகும். பேச்சுக்கு நீங்கள் எடுத்த படங்களே உதவும். இரண்டாவது பதிலில் சொன்ன நாட்களை வைத்து, எந்தத் தேதியில் குஞ்சு கிளம்பும் என்று கணக்குப் போட்டுக் காட்டுங்கள். “வேண்டாம்” என்பதைவிட “18ஆம் தேதிக்கு மேல் வாருங்கள்” என்றால் ஒத்துக்கொள்வார்கள். அதற்கும் வழியில்லை என்றால் அந்த ஒரு பால்கனியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அடிக்கச் சொல்லுங்கள்.

குஞ்சு பறந்துபோச்சு. கூட்டை எடுத்துடலாமா? அடுத்த தடவை இன்னும் நல்லா எடுக்கணும்.

இரண்டு வாரம் பொறுங்கள். சிட்டுக்குருவியும் புறாவும் அதே கூட்டில் அடுத்த ஈடு முட்டை வைக்கக்கூடும். யாரும் வரவில்லை என்றால் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து நனைத்தபின் அப்புறப்படுத்துங்கள். காய்ந்த புறா எச்சத்தின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கூட்டில் மிஞ்சிய சிற்றுண்ணிகள் தோலில் ஏறிக் கடிக்கும்.

அடுத்த தடவைக்கு நல்ல வழி, பறவை வருவதற்கு முன்பே கேமராவை வைத்துவிடுவது. 15 செ.மீ. சதுர அடிப்பாகமும் 25 செ.மீ. உயரமும் உள்ள மரப்பெட்டி, 32 மி.மீ. வாசல், சிட்டுக்குருவி நுழையும், மைனா நுழையாது. கூரையின் உள்பக்கத்தில் சின்ன சி.சி.டி.வி. கேமராவை மாட்டுங்கள். அகச்சிவப்பு விளக்கு 940 நானோமீட்டராக இருக்கட்டும். 850 வாங்கினால் இருட்டில் மங்கலாகச் சிவந்து தெரியும். கடையில் வாங்கும்போது அந்த லென்ஸ் தூரத்துக்குப் பொருத்தியிருப்பார்கள். பெட்டியில் வைக்கும் முன் லென்ஸை அரைச் சுற்று, முக்கால் சுற்று என்று வெளிப்பக்கமாகத் திருகி, 20 சென்டிமீட்டரில் ஒரு தீப்பெட்டி எழுத்து தெளிவாகும் இடத்தில் ஒரு சொட்டுப் பசை வைத்து நிறுத்துங்கள். ஒயரைப் பின்பக்கத் துளை வழியாக எடுத்து, துளையை மெழுகால் அடைத்து, வெயில் நேராக விழாத சுவரில் மூன்று மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். அதன்பின் பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை.